கொண்டையில் ஒரு டெஸ்டர்

ஆமத்தூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று நான் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. பெண்ணுடைய அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். அந்த அம்மாள் குனிந்து காபி கொடுத்தபோது, கொண்டையில் கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்று செருகியிருந்தது. கரண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க எலக்ட்ரீசியன்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, அதே டெஸ்டர். இப்படி ஒரு தலையலங்காரத்தைப் பார்த்த பிறகு கண்ணை எங்கே திருப்புவது? என் அம்மா தொடையில் கிள்ளி, "ஏலே, பொண்ணு அங்கன நிக்கா" என்றாள்.

அதற்கு முன்பே வாசலில் ஒரு கூத்து முடிந்திருந்தது. நிலைக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு அடித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு பச்சை ஒயர் இறங்கி மண்ணுக்குள் போனது. அந்த அம்மாள் வழியை மறித்து நின்றுகொண்டு, "தொட்டுட்டு உள்ள வாங்க" என்றார். என் அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். சாமி விஷயத்தில் யாருக்கும் குறை வைக்காதவர். தகட்டைத் தொட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், "எந்தச் சாமிங்க இது?" என்று பக்தியோடு கேட்டார்.

"எர்த்து, அண்ணாச்சி."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், இந்தச் சாமிக்கு எந்த ஊரில் கோயில் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

பெண் பார்க்கும் வழக்கப்படி எங்களை ஐந்து நிமிடம் தனியாகப் பேசவிட்டபோது முருகேஸ்வரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "என்னையப் பாக்க வந்தீகளா, எங்கம்மா தலையப் பாக்க வந்தீகளா?" கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியது நானில்லை, கொண்டையில் டெஸ்டர் வைத்த என் வருங்கால அத்தை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அத்தைக்குச் சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலை. காலையில் கம்பெனி வேன் வரும். ஆலையில் மருந்து ரூமுக்குள் காலை வைக்கும் முன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் துளிக் கரண்டும் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. நைலான் சேலை கூடாது, இரும்புத் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. அதனால் டெஸ்டர் பகலெல்லாம் வேன் நிற்கும் இடத்து டீக்கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அதை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் அத்தை வீட்டுக்கு நடப்பார்.

மருந்து ரூமுக்கு நல்லது என்றால் வீட்டுக்கும் நல்லதுதானே என்பது அத்தையின் கட்சி. அதனால்தான் வாசலில் தகடு. கடன் வாங்கிய சீனியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் தொட்டார்கள். தபால்காரர் தொட்டார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். வீட்டு ஆட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது செருப்புப் போடலைலா, எந்நேரமும் எர்த்துலதான நிக்கி" என்று அத்தை சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை.

அந்த வீட்டு மெயின் போர்டில் ஒரு பெட்டி இருந்தது. எங்காவது கரண்டு கசிந்தால் கண் இமைப்பதற்குள் தானாக விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும். பெட்டியின் நெற்றியில் ஒரு சின்னப் பட்டன். பெட்டி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று மாட்டிய ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒன்றாம் தேதி என்றால் மறந்துபோகும் என்று அத்தை அமாவாசையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன்.

"சம்பளத்துக்கு ஆள் வச்சாச்சுன்னு விட்ற முடியுமா? தூங்குறானா முழிச்சிருக்கானான்னு பாக்கணும்லா?"

அமாவாசையன்று காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி அத்தை பட்டனை அமுக்குவார். 'டப்' என்று பெட்டி விழும். டிவியில் பந்து பறந்துகொண்டிருக்கும், மிக்சியில் சட்னி பாதி அரைந்திருக்கும், அதெல்லாம் கணக்கில் இல்லை. "வாட்ச்மேன் முழிச்சிருக்கான். இலையப் போடு" என்ற பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு.

இத்தனை காவலையும் உடைக்கும் ஒரு எதிரி உள்ளேயே இருந்தார். அவர் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டி ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து முக்காத வெற்றுத் தீக்குச்சி இல்லாத வீடே கிடையாது. பல் குத்த, காது குடைய, எல்லாவற்றுக்கும் அதுதான். கரண்டுக்கும் அதுதான். ஒயர் நுனியைப் பல்லால் சீவி, பிளக் ஓட்டைக்குள் விட்டு, ஓட்டைக்கு ஒரு குச்சியாக அடித்து இறுக்கினால் வேலை முடிந்தது. காசு கொடுத்து பிளக் வாங்குகிறவன் எங்கள் ஊர்க் கணக்கில் ஏமாளி. இதற்காகவே அத்தை உள்ளே மூடி வைத்த பிளக் பாயிண்டாக வாங்கி வீடு முழுக்க மாட்டினார். மேலே உள்ள பெரிய ஓட்டையில் கம்பி நுழைந்தால்தான் கீழே இரண்டு ஓட்டையின் மூடியும் திறக்கும். மேல் ஓட்டையிலும் ஒரு தீக்குச்சியைக் குத்தினால் மூடி திறந்துகொள்ளும் என்று மாமா அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆலை கேட்டில் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல, அத்தை மாமாவின் சட்டைப் பை, மடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். தெருவே பார்க்கும்.

மாமாவுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த்துக் குழி. அது காய்ந்துவிட்டால் வேலை செய்யாது என்று அத்தை அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் ஊர்ப் பக்கம் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் அன்று முதல் குடம் குழிக்குத்தான். "எனக்குக் குளிக்கத் தண்ணியில்ல, மண்ணு குளிக்கி" என்று மாமா முனகுவார். "நீரு ஒரு நாளு குளிக்காட்டி நாறுவீரு. அது குளிக்காட்டி நாம போயிருவோம்" என்பது அத்தையின் பதில்.

இந்தக் கதையெல்லாம் பின்னால் எனக்கு முருகேஸ்வரி சொன்னது. எங்கள் வீடு பார்க்க அத்தை விருதுநகர் வந்த அன்று எனக்கு எதுவும் தெரியாது. அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அப்பா தாம்பூலம் மாற்றத் தட்டை எடுத்து வைத்திருந்தார். அத்தை எங்கள் வாசலில் தகடு எங்கே என்று தேடினார். இல்லையென்றதும் முகம் சுருங்கிவிட்டது. கேசரியைத் தொடவில்லை. கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவினார்.

மற்ற சம்பந்திகள் சமையல்கட்டு எவ்வளவு அகலம், மாடியில் அறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அத்தை பிளக் பிளக்காகப் போனார். எல்லாம் ஓட்டைகளில் தீக்குச்சி. மேசை விசிறிக்குத் தீக்குச்சி, இஸ்திரிப் பெட்டிக்குத் தீக்குச்சி. குளியலறையில் அப்பாவின் வெந்நீர் ராடு வாளியில் தொங்கியது, அதற்கும் தீக்குச்சி. வத்தல் வியாபாரி வெந்நீரில் குளிக்காவிட்டால் உடம்பு எரியும் என்பது அப்பாவின் சொந்த வைத்தியம். மாமா மட்டும், சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்ததுபோல, ஒவ்வொரு குச்சியையும் பாசத்தோடு பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்.

கடைசியாகச் சமையல்கட்டு. ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் அத்தை டெஸ்டரை வைத்தார். உள்ளே சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"மதினி, அரைக்கையில கையில ஏதாச்சும் தெரியுமா?"

"அதை ஏன் கேக்கீக. விறுவிறுன்னு இழுக்கும். நரம்புத் தளர்ச்சின்னு வைத்தியர்கிட்டக் காட்டி கசாயம் குடிக்கேன். கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டிருக்கேன். இவுக பித்தம்னு சொல்லுவாக."

"எந்நேரமும் இழுக்குமா, அரைக்கையில மட்டுமா?"

அம்மா கிரைண்டரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நரம்புல ஒண்ணுமில்ல மதினி. கிரைண்டருக்குத்தான் நோவு."

"அப்ப நான் குடிச்ச கசாயமெல்லாம்?"

"கிரைண்டருக்கு ஊத்திருக்கணும்."

மாமா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அத்தை அப்பாவின் முன்னால் வந்து நின்று சொன்னார். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. எர்த்து இல்லாத வீட்டுக்கு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன். எர்த்துக் குழி வெட்டி, வாட்ச்மேன் பெட்டிய மாட்டுங்க. நான் வந்து பட்டன அமுக்கி அது விழுகணும். அப்புறம் தாம்பூலம் மாத்துவோம்." பெட்டியைத் தானே சீராகக் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

தட்டு மாறாமல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பா வாசல்வரை குதித்தார். "மாப்பிள வீடு சீர் கேட்டுப் பாத்திருக்கேன். பொண்ணு வீடு குழி வெட்டச் சொல்லிப் பாத்ததில்ல. அந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு. வேற எடம் பாப்போம்."

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்பவன். சீசனில் எத்தனையோ லட்சுமி படங்களுக்கு முகம் திருத்தியிருக்கிறேன். அந்த வாரம் எல்லா லட்சுமியும் முருகேஸ்வரி மாதிரியே வந்தார்கள். முதலாளி கூப்பிட்டு, லட்சுமி ஏன் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள் என்று கேட்டார். அத்தை வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து ஆமத்தூர் வீட்டுக்கு போன் செய்தபோது முருகேஸ்வரி சொன்னாள், "எங்கம்மா பண்றது கூத்தாத்தான் இருக்கும். ஆனா அவ பேச்ச நான் தட்ட மாட்டேன். எப்படியாச்சும் அந்தப் பெட்டிய மாட்டிருங்க."

என்னைக் காப்பாற்றியது அம்மா. வீணாய்ப்போன கஷாயத்தின் கசப்பெல்லாம் அவளுக்குள் ஒன்றுதிரண்டிருந்தது. எர்த்துப் போடும்வரை கிரைண்டர் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இட்லி நின்றது. தோசை நின்றது. அப்பா காலையில் உப்புமாவும் ராத்திரி உப்புமாவுமாகத் தின்று பார்த்தார். அதற்கு மேல் எந்தக் கொள்கையும் தாங்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் குழி வெட்டினேன். அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கரி எதுக்குலே? உப்பு எதுக்குலே? மண்ணுக்கு ஊறுகா போடுதியா?" என்று கேட்டபடி மேற்பார்வை பார்த்தார்.

அத்தை சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், நடுவே மஞ்சள் குங்குமப் பொட்டு வைத்த வாட்ச்மேன் பெட்டி என்று ஒரு தாம்பாளம் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. எலக்ட்ரீசியன் பொட்டை அழிக்கத் தயங்கி அப்படியே மாட்டினான். தீக்குச்சியெல்லாம் பிடுங்கி மூடி வைத்த பிளக் போட்டாயிற்று. அமாவாசையன்று சோதனை, பெட்டி விழுந்தால் அங்கேயே தாம்பூலம் என்று பேச்சு.

அமாவாசை வந்தது. மாமா முகச் சவரம் செய்து வந்திருந்தார். முருகேஸ்வரியும் வந்திருந்தாள். அம்மா மறுபடியும் கேசரி கிண்டியிருந்தாள். அத்தை ஸ்டூலில் ஏறினார். நான் உள்ளுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், எர்த்துச் சாமி உட்பட. பட்டனை அமுக்கினார்.

டப்.

விசிறி நின்றது. டியூப்லைட் அணைந்தது. பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி ஓய்ந்தது. வீடே அமைதியானது. அத்தை முகம் மலர்ந்து, வாட்ச்மேனைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். அந்த அமைதியில், குளியலறைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். கசிகிற அந்த ராடைப் போடும்போதெல்லாம் பெட்டி விழுந்திருக்கிறது. இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்த அப்பா, மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் மெயின் சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயரைக் கொக்கி போட்டு, ஜன்னல் வழியாகக் குளியலறைக்கு இழுத்துவிட்டார். பெட்டி விழுந்தாலும் அந்த ஒயரில் கரண்டு நிற்காது. அங்கே ராடின் ஒயரோடு சேர்த்து, ஒரு பழைய பிளக் ஓட்டையில் தீக்குச்சி வைத்து அடித்திருந்தார். சம்பந்தி வரும் நாளில் சுத்தமாகக் குளித்துவிட்டு உட்காரலாம் என்று தண்ணீரும் போட்டிருந்தார்.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுக்கமாத்தான் அடிச்சிருக்காக" என்றார். அத்தை திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா அவசரமாக ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினார். "கைய வைக்காதீக!" என்று அத்தை போட்ட சத்தத்தில் அப்பா அப்படியே சிலையாக நின்றார். அத்தை மெயினை இறக்கிவிட்டு வந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, அதன் நுனியாலேயே தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அவற்றைத் தாம்பூலத் தட்டில், பாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். முருகேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில தகட்டத் தொட்டுட்டு மருந்து ரூமுக்குள்ள போறேன் அண்ணாச்சி. நான் ஒழுங்கா இருந்தாப் போதாது. அடுத்தவ ஒழுங்கா இருக்கணும், அதுக்கு அடுத்தவ ஒழுங்கா இருக்கணும். அங்கன என்ன நடக்கும்னு என் கையில இல்ல. வீடு ஒண்ணுதான் என் கையில இருக்கு. அதையாச்சும் பாத்துக்கிடுவோம்னுதான் இம்புட்டுக் கூத்தும். என்னைய எல்லாரும் கிறுக்கின்னு சொல்றது எனக்குத் தெரியும்."

கிறுக்கு என்று சொன்னவர் அப்பாதான். அவர் கொஞ்ச நேரம் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு ராடை வாளியிலிருந்து எடுத்து, கொக்கி போட்ட ஒயரையும் உருவிச் சேர்த்துச் சுருட்டி, கொல்லையில் எறிந்துவிட்டு வந்தார். மெயினைப் போட்டார். பெட்டியைத் தூக்கிவிட்டார். விசிறி சுற்றியது. அப்புறம் ஸ்டூலில் ஏறி அவரே பட்டனை அமுக்கினார். டப். இந்தத் தடவை எங்கிருந்தும் சத்தம் இல்லை.

"இப்ப முழிச்சிருக்கானா?" என்று கேட்டார்.

அத்தை தட்டிலிருந்த தீக்குச்சிகளைத் தள்ளிவிட்டுத் தாம்பூலத்தை எடுத்தார். "புது ராடு ஒண்ணு சீர்ல சேத்துருதேன் அண்ணாச்சி" என்றார்.

கல்யாண மண்டபத்தில் மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று அத்தை வந்ததும் வராததுமாக விசாரித்ததால், முகூர்த்தம் முடியும்வரை அப்பா பட்டு வேட்டியோடு அந்த போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கல்யாண வீடியோவில் நான் தாலி கட்டும் இடத்தில் அப்பா இல்லை. அத்தை அவரைக் காட்டி, "முழிச்சிருக்கான்" என்று சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரித்ததுதான் இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அமாவாசைப் பட்டன் அப்பாவின் பொறுப்பாகிவிட்டது. அமுக்கிவிட்டு ஆமத்தூருக்கு போன் போடுவார். "விழுந்துருச்சுங்க" என்பார். "குழிக்குத் தண்ணி?" என்று அங்கிருந்து கேள்வி வரும். "ஊத்தியாச்சுங்க." அவ்வளவுதான் பேச்சு. அத்தை முதல் நாளிலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா பதிலுக்கு எந்த முறையும் சொன்னதில்லை. 'ஏங்க', 'இந்தாங்க' என்று சமாளித்துக்கொண்டே வந்தார்.

தீபாவளிக்கு முந்தைய சீசனில் ஒரு நாள். சிவகாசிப் பக்கம் ஒரு ஆலையில் வெடிச் சத்தம் என்று மத்தியானம் சேதி வந்தது. எந்த ஆலை என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அத்தையிடம் செல்போன் கிடையாது, ஆலைக்குள் அது போகவும் கூடாது. ஆமத்தூர் வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை. மாமா ஆலையைத் தேடிக் கிளம்பியிருந்தார். முருகேஸ்வரி சுவரோரமாக அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். கடையை மூடிவிட்டு வந்த அப்பா, போனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு போன் அடித்தது. அப்பா அடித்த உடனே எடுத்தார். இரைச்சலில் கத்திய குரல் எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

"அண்ணாச்சி, நான் டீக்கடையிலேருந்து பேசுதேன். நம்ம கம்பெனி இல்ல, வேற எடம். வேன்தான் லேட்டு. அது கெடக்கட்டும், இன்னைக்கு அமாவாசைலா? பட்டன அமுக்குனீகளா?"

அப்பா போனை என் கையில் கொடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். டப் என்றது. வீடு இருட்டானது. அந்த இருட்டில் அவர் துண்டால் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தடவித் தடவி வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"விழுந்துருச்சு, தங்கச்சி" என்றார்.